சுவர்ப் பக்கத்துச் சக்கரம்

"சக்கரம் பொருந்தினா உன் தம்பி உள்ள வரட்டும். சாப்பிடட்டும், ரெண்டு நாள் தங்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. பொருந்தலைன்னா கேட்டுக்கு வெளியவே நின்னு சக்கரத்த வாங்கிட்டுப் போகட்டும்."

தீர்ப்பைச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் டீயை உறிஞ்சினார். அவர் மனைவி, தையல்காரி, பதில் பேசவில்லை. பேச வாயில் இடமும் இல்லை, நாலைந்து குண்டூசிகள் இருந்தன. ஒரு தங்கும் விடுதிக்குத் தைக்க வேண்டிய திரைச்சீலைத் துணி முன்னறை முழுக்க விரிந்து கிடந்தது. மேசை விளிம்பிலிருந்து துணி வழுக்கி விழாமல் இருக்க அதன் தலைமாட்டில் 'பாப்பா'வைக் கிடத்தியிருந்தாள். பாப்பா என்பது நீல உறை போட்டுத் தைத்த ஒரு பழைய இரும்புத் துண்டு. ஒரு முனை பெருத்து, நடுவில் வளைந்து, துணியில் சுற்றிய கைக்குழந்தை மாதிரியே இருக்கும். துணி கொடுக்க வருகிறவர்கள், "பாப்பா தூங்குதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்தத் துணிக்கடலின் கரையில், சுவரில் சாய்ந்தபடி நான்கு புதுச் சக்கரங்கள். டயர் போடாத வெறும் சக்கரங்கள். வெண்கல நிறம், மெலிந்த கம்பிகள். அவளுடைய தம்பி வேலை பார்க்கும் கடையிலிருந்து நேற்று வேனில் வந்தவை. சக்கரம் மட்டும்தான் வந்தது. தம்பிக்காரன் வரவில்லை. அவன் இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது.

காரணம் வெளியே கொட்டகையில் நின்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கும் உடம்பு, தெருமுனையில் திரும்பும்போதே குழந்தைகளை எழுப்பிவிடும் தொண்டை. வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாரமெல்லாம் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிச் சம்பாதிப்பதை வாரக்கடைசியில் இந்தக் காருக்குள் இறக்குவார். பழைய காராக வாங்கி, உயரத்தைக் குறைத்து, பிரேக்கைப் பெரிதாக்கி, கீழே சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களை நீளமாக்கி, தன் கையாலேயே கட்டி எழுப்பிய வண்டி. தையல்காரி அதற்குச் 'சக்களத்தி' என்று பேர் வைத்திருந்தாள். அவரும் அந்தப் பேரை மறுக்கவில்லை.

அந்த ஆர்ம்களை மாற்றி முடித்த அன்றைக்கு, அப்போது இவர்களோடு தங்கியிருந்த தம்பிக்காரன் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டான். மறுநாள் வீட்டுக்காரர் ஓட்டினால் வண்டி வலப்பக்கமாக இழுக்கிறது. சக்கரம் நேர் பார்க்கும் கடையில் மெஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். "வலது முன்பக்கம் உள்ள தள்ளியிருக்கு சார், எங்கயோ நல்லா இடிச்சிருக்காங்க" என்றார்கள். தம்பிக்காரன் இடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தான். சத்தியம் செய்யச் செய்ய வீட்டுக்காரருக்குக் கோபம் ஏறியது. எடுத்ததுகூடப் பரவாயில்லை, பொய் சொல்கிறானே என்றார். பொய்யன் என்ற சொல் விழுந்ததும் அவன் பையைத் தூக்கினான். அவர் தடுக்கவில்லை.

அவளும் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குள் இன்றுவரை அறுத்துக்கொண்டிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடமோ என்று ஒரு நாள் தோன்றும். பயத்தில் மறைத்திருப்பானோ என்று மறுநாள் தோன்றும். மெஷின் பொய் சொல்லுமா?

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரருக்குப் புதுச் சக்கரத்து மேல் ஆசை வந்தபோது, அவள் மெல்லத் தம்பியின் கடையைச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு சக்கரத்தை அளந்து கொடுத்தார். அவன் அந்த அளவுக்குச் சரியாகத் தேடி, போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று கடைக்காரரிடம் கேட்டு அனுப்பி வைத்திருந்தான். இன்று சாயங்காலம் அவனே பதில் கேட்க வருகிறான்.

குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி முடித்து, வாய் காலியானதும், "சரி வாங்க, போட்டுப் பாத்துருவோம்" என்றாள் தையல்காரி.

*

வெளியே மேகம் மூடிக்கிடந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கொட்டகைத் தகரம் வேர்த்துச் சொட்டியது. கார் எப்போதும் போல வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நின்றது. இடப்பக்கம்தான் உட்கார்ந்து வேலை செய்ய இடம் உண்டு.

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு பெயின்ட் டப்பா மேல் வைத்தாள். மறுமுனையில் தம்பிக்காரன். மாமாவும் மச்சானும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அக்காக்காரி தந்திக் கம்பியாக நின்றாள்.

"அக்கா, டயர் மட்டும் மாட்டிடக் கூடாது. மாட்டினா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. மாமாகிட்ட சொல்லிடு."

"எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர், ஜாக்கியை மிதித்தபடி.

"தெரியுமாம்டா."

"கேட்டுச்சுக்கா. முன் சக்கரத்த கழட்டியாச்சா?"

"கண் தெரியலையான்னு கேளு."

"ஏங்க, அவனுக்கு எப்படிங்க கண் தெரியும்? போன்ல இருக்கான்."

போனுக்குள் ஒரு சிரிப்பு வந்து சட்டென்று அடங்கியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

புதுச் சக்கரத்தைத் தூக்கி வைத்தார். போல்ட் துளைகள் அச்சாக உட்கார்ந்தன. நடுத்துளையும் இறுக்கமாக, ஆட்டமில்லாமல் ஏறியது. "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

"அடுத்து பிரேக் பாக்கணும்க்கா. பெரிய பிரேக் இல்ல? சக்கரத்துக் கம்பி உரசக் கூடாது. களிமண்ணு இருந்தா பிரேக் மேல ஒட்டி வச்சு..."

"களிமண்ணுக்கு எங்கடா போவேன்? சப்பாத்திக்குப் பிசைஞ்ச மாவு இருக்கு."

"அது போதும்."

மாவை எடுத்துவந்தாள். வீட்டுக்காரர் அதை உருட்டி பிரேக்கின் புடைப்பில் ஒட்டினார். சக்கரத்தை மாட்டி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மாவு நசுங்கியிருந்தது, ஆனால் கிழியவில்லை. அவள் ஊசியைக் குத்தி எடுத்துக் கட்டைவிரலால் அளவு பிடித்தாள்.

"சுண்டுவிரல் நுனி கனம் இருக்குடா."

"தாராளம்க்கா!"

"இவ்வளவு சரியா எப்படிப் புடிச்சான்?" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார் வீட்டுக்காரர். பெயின்ட் டப்பா மேலிருந்த போனுக்குக் கேட்டிருக்கும்.

டயர் இல்லாமல் டயருக்கு இடம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு அவளிடம் வழி இருந்தது. துணி ரோல் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, தம்பி சொன்ன அளவில் டயரின் பக்கவாட்டு உருவத்தை வரைந்து, துணிக் கத்தரியைக் கொடுக்க மனமில்லாமல் சமையலறைக் கத்தரியால் வெட்டினாள். அட்டை சுருண்டுகொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பாப்பாவைத் தூக்கிவந்து அட்டை மேல் கிடத்தி வெட்டி முடித்தாள். சக்கரத்தில் அதைச் செருகிக் கட்டினார்கள். தொங்குகிற காலை அளக்கக் கூடாது, நிற்கிற காலைத்தான் அளக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது சக்கரம் எங்கே இருக்குமோ அந்த இடத்துக்கு உயர்த்தினார். அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் முழுக்க, அந்தப் பக்கம் முழுக்க வளைத்தாள்.

"உரசுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா! விரல் போகுது. அருமையா போகுது!"

வீட்டுக்காரர் வாயிலிருந்து 'அருமை' வந்துவிட்டது. அவள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே சாயங்காலச் சமையலைத் தீர்மானித்தாள். தம்பிக்கு முட்டை பொரித்தால் பிடிக்கும். நிறைய மிளகு போட வேண்டும்.

*

இடப்பக்கத்துப் பின் சக்கரத்திலும் பிரச்சினை இருக்கவில்லை. "சுவர்ப் பக்கமும் பாத்துருங்க" என்றாள்.

"எதுக்கு? இதுக்கு என்னவோ அதுதான் அதுக்கும்."

"எங்கிட்ட கோட்டு தைக்கக் கொடுக்குற வாத்தியார் இருக்காரே, பாத்தா ரெண்டு தோளும் ஒண்ணுதான். டேப்ப வச்சா ஒண்ணு இறங்கியிருக்கும். பாத்துருங்க."

முணுமுணுத்துக்கொண்டே பழைய சக்கரங்களை மாட்டி, காரை வெளியே தள்ளினார். சுவர்ப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. அதே சக்கரம், அதே அட்டை. போல்ட் சரி. மாவு வைத்தார்கள், அதே சுண்டுவிரல் நுனி. ஆர்முக்கு ஜாக்கி கொடுத்தார்கள். அவள் ஸ்டீரிங்கை முழுக்க வளைத்தாள்.

'சரக்' என்று ஒரு சத்தம். அட்டை உள்பக்கச் சட்டத்தில் இடித்து மடங்கியது.

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. "பொருந்தல."

"அட்டைய திருப்பிக் கட்டிப் பாருங்க."

"அட்டையில ஒண்ணுமில்ல. பாக்கல? உள்ள தள்ளியிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால உன் தம்பி வாங்குன அடி. அவன் இடிச்ச இடத்துல அவன் அனுப்புன சக்கரமே நுழையல. என்னத்த சொல்ல?" போன் பக்கம் திரும்பி, முதல் தடவையாக நேரடியாகவே சொன்னார்: "சாயங்காலம் வந்து எடுத்துக்க."

மறுமுனையில் தம்பிக்காரன், "சரி மாமா" என்றான். போன் அணைந்தது.

தையல்காரிக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதை வைத்துக்கொண்டு சும்மா உட்காரவும் முடியவில்லை. நூல்கண்டை எடுத்தாள், நுனியில் பாரத்துக்கு ஒரு பாபினைக் கட்டினாள். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். இடப்பக்கம் நூல் சக்கரத்தைக் கிட்டத்தட்டத் தொட்டது. வலப்பக்கம் நூலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கட்டைவிரல் படுத்துத் தூங்கலாம்.

"ஏங்க, இடிச்சா என்ன ஆகும்?"

"மடங்கும்."

"எது மடங்கும்?"

"ஆர்முதான். அதுதான் இருக்கறதுலயே மெலிசு."

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தாள். அவர், "ஏய், சேலையில கிரீஸ் ஆகும்" என்றார். ஆகட்டும். வலது ஆர்ம் கறுப்பாக, வழவழப்பாக, செய்த வடிவம் மாறாமல் இருந்தது. ஒரு சுருக்கமில்லை, கீறலில்லை, பெயின்ட்கூட உரியவில்லை. அடி வாங்கிய பொருள் எதிலும் இப்படி ஒரு நிம்மதி இருக்காது.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் போல்ட்டுக்குப் போல்ட் அளந்தாள். தவழ்ந்து இடப்பக்கம் போய் அதையும் அளந்தாள். மறுபடி வலப்பக்கம் வந்தாள்.

"என்ன பண்ற அங்க?"

"ஏங்க... இது மடங்கல. இது குட்டை."

"என்ன குட்டை?"

"கட்டைவிரல் அகலம் குட்டை. வந்து பாருங்க."

அவரும் உள்ளே நுழைந்தார். கணவனும் மனைவியும் சக்களத்தியின் வயிற்றுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்கள். அவர் டேப்பை வாங்கி அளந்தார், மறுபடி அளந்தார். டார்ச்சைத் திருப்பி ஆர்மின் முனையைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது பழைய ஆர்ம்" என்றார் கடைசியில். குரலே மாறியிருந்தது. "வண்டியோட வந்தது. நான் மாத்துறதுக்கு முன்னால இருந்தது."

"அப்ப புதுசு?"

"ரெண்டு பக்கமும் மாட்டினேன்டீ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இடப்பக்கம் முடிச்சேன். வலப்பக்கம் பழச கழட்டி, பெயின்ட் அடிச்சுக் காய வச்சேன். அப்பத்தான் போன் வந்தது, லிஃப்ட் நின்னு உள்ள ஒரு கர்ப்பிணி மாட்டிக்கிச்சுன்னு. போட்டது போட்டபடி ஓடினேன். மறுநாள் காலையில வந்து..."



"பழச விக்கலாம்னு துடைச்சு, கறுப்பு அடிச்சு வச்சிருந்தீங்க" என்றாள் அவள் மெதுவாக.

"ஆமா. எல்லாம் ஒண்ணாக் கிடந்தது. கைக்குக் கிடைச்சத எடுத்து... பழசையே திருப்பி மாட்டியிருக்கேன்." கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப புதுசு எங்க போச்சு? மிச்சம் ரெண்டும் பழைய இரும்பு, யாரும் வாங்க வரல, காயலான் கடையில போட்டுருன்னு உங்கிட்டதானே கொடுத்தேன்?"

தையல்காரி காருக்கு அடியிலிருந்து அவசரமாக வெளியே வந்தாள். தலை இடித்தது. வெட்டிய அட்டைத் துண்டுகளுக்கு நடுவே, மழைத் தூறலில், பாப்பா படுத்திருந்தது.

காயலான் கடைக்கு அன்று அவள் ஒன்றைத்தான் போட்டாள். இன்னொன்று கொஞ்சம் கனமாக இருந்தது, துணிக்குப் பாரம் வைக்க ஆகுமே என்று எடுத்து வைத்துக்கொண்டாள். கிரீஸ் துணியில் ஒட்டுமே என்று பஞ்சு வைத்து நீல உறை தைத்தாள்.

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு டேப்பை வைத்தாள். இடப்பக்கத்து ஆர்மின் அளவு, நூல் பிசகாமல். தையல் பிரிக்கும் முள்ளால் உறையைப் பிரித்தாள். இரண்டு வருஷத்துத் தையல், கெட்டியான தையல், அவளே போட்டது. பஞ்சு உதிர்ந்தது. உள்ளே புது இரும்பு, முனையில் செய்தவர்களின் முத்திரைகூட அழியாமல் இருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். இவர்கள் வெண்ணெய்க்கு உறை தைத்து, தாலாட்டி, ஒருவனைப் பொய்யன் என்று துரத்தியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். தூறல் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து எழுந்து, பாப்பாவை அவள் மடியிலிருந்து எடுத்தார்.

"இத இப்பவே மாட்டிடறேன். அவன் வர்றதுக்குள்ள ஆயிடும். அப்புறம் சக்கரம் பொருந்தும். சரியா அளக்கல, மறுபடி பாத்தோம், பொருந்திடுச்சுன்னு சொல்லிக்கலாம். அவனும் உள்ள வந்துடுவான். உனக்கு அதுதானே வேணும்?"

அதுதான் வேண்டும். காலையிலிருந்து அதற்காகத்தானே மாவும் அட்டையுமாக அலைந்தாள். ஒரு நிமிஷம் அவளுக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. சத்தம் இல்லாமல் முடிந்துவிடும். அவளும் அன்று வாயைத் திறக்கவில்லை என்பதையும் யாரும் பேச மாட்டார்கள்.

"உள்ள வரணும்தாங்க" என்றாள். "ஆனா நாம போனாப் போகுதுன்னு மன்னிச்சு உள்ள விட்டவனா வரக் கூடாது. என்ன நடந்ததுன்னு அவனுக்குத் தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார்.

*

தூறல் விட்டு வெயில் சாய்ந்தபோது ஆர்ம் ஏறியிருந்தது. பழைய சக்கரங்களையே மாட்டி வண்டியை இறக்கி, இரண்டு பக்கமும் தையல் நூலை இழுத்துக் கட்டி, அதை வைத்து முன் சக்கரங்களை நேராக்கினார் வீட்டுக்காரர். நாளைக்கு மெஷினில் ஏற்ற வேண்டும், இன்றைக்கு இது போதும். அட்டையோடு புதுச் சக்கரத்தை வலப்பக்கம் அதற்கு முன்பே மறுபடி போட்டுப் பார்த்தாயிற்று. விரல் போகிறது. அந்த 'அருமை'யை இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

தம்பிக்காரன் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தான். இளைத்திருந்தான். சக்கரத்தை எடுக்க மட்டுமே வந்தவன் போலக் கேட்டுக்கு வெளியேயே நின்றான்.

"வேன் பின்னால வருதுக்கா. நாலையும் பையில போட்டு வச்சிருக்கியா?"

தையல்காரி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் கிடந்த குட்டை ஆர்மைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போனார்.

"மாப்ள. இது வண்டியில வலப்பக்கம் இருந்தது. பழசு. நான்தான் தெரியாம திருப்பி மாட்டியிருக்கேன். புதுச உங்கக்கா துணி மேல பாரமா வச்சிருந்தா. வண்டி இழுத்தது இதனால. நீ எதையும் இடிக்கல."

தம்பிக்காரன் அந்த இரும்பைப் பார்த்தான். சக்கரக் கடையில் வேலை செய்கிறவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பொய்யன்னு சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர். "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கப்பா."

"நானும்தான்டா. உன்ன சந்தேகப்பட்டேன்" என்றாள் அக்காக்காரி. சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

அவன் கோபப்படுவான் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நானே நம்பிட்டேன்க்கா" என்றான். "மெஷினே சொல்லிடுச்சே. அன்னைக்குப் போன வழியிலயே திரும்பத் திரும்ப நடந்து பாத்தேன், எதையாவது இடிச்ச தடம் இருக்கான்னு. ஆளையே இடிச்சிருந்து எனக்குத் தெரியாமப் போயிருந்தா? அந்தப் பயத்துல அதுக்கப்புறம் நான் ஸ்டீரிங் தொடவே இல்ல. கடையில எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, சக்கரம் விக்கிறவன் பஸ்ல வர்றான்னு."

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"வேணாம் மாமா."

"எடுறா. இன்னைக்கு நான் கேட்டுத்தான் நீ ஓட்டப் போற."

பின் சீட்டு என்று பேர் வைத்திருந்த இடுக்கில் தையல்காரி முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பக்கத்துச் சீட்டில். தம்பிக்காரன் மாட்டுவண்டி வேகத்தில் தெருவைத் தாண்டினான். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். தொழிற்சாலை மதிலை ஒட்டிய நேர்ச்சாலை வந்தது. நனைந்த சாலை, எதிரே யாருமில்லை.

"கைய விடு" என்றார் வீட்டுக்காரர்.

"மாமா!"

"கொஞ்ச நேரம்தான். விட்டுப் பாரு."

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளங்கைகள் ஸ்டீரிங்குக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அவள் சாலையின் வெள்ளைக் கோட்டையே பார்த்தாள். கோடு இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. வண்டி நேராகப் போனது.

மதில் முடியும் இடத்தில் தம்பிக்காரன் ஸ்டீரிங்கைப் பிடித்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"வேன்காரன் வந்து கேட்டுல நிப்பான் மாமா."

"நிக்கட்டும்."

"அப்ப இன்னும் கொஞ்ச தூரம் போகவா?" என்று கேட்டான்.